மூன்றாம் வரிசை மூச்சு

— முதல்ல அந்தக் கச்சேரியில யார் யார் இருந்தான்னு சொல்லு, அண்ணா. அனந்தலக்ஷ்மி போன்ல சொன்னது ஒண்ணு, ஸுப்ரியா சொன்னது வேறொண்ணு. நேக்கு ஒண்ணுமே புரியலை.

— சொல்றேன், கேட்டுக்கோ. முன்வரிசை நாற்காலியில நான். எனக்கு வலப்பக்கம் என் பிள்ளை விஸ்வநாத், அவனுக்கு அந்தப் பக்கம் அவன் ஆம்படையாள் ஸுப்ரியா. இடப்பக்கம் உன் சிநேகிதி அனந்தலக்ஷ்மி, கல்யாணத்துக்கு வந்த மாதிரி நகையெல்லாம் போட்டுண்டு. நாற்காலி எல்லாத்துக்கும் பின்னால, சுவத்துல சாஞ்சு நின்னுண்டு ராமர், அவர் சம்சாரம் லக்ஷ்மி. மேடையில இருபத்திரண்டு கொழந்தைகள். அவாளுக்கு எதிரே கையை ஆட்டிண்டு மாஸ்டர் சாய்கிருஷ்ணா. இருபத்திரண்டுல ஒண்ணு நம்ம பேத்தி சுபாஷிணி. இன்னொண்ணு அந்த ராமரோட பொண்ணு மஞ்சுஷா. மத்த இருபது பேரோட பேரும் வேணுமா?

— வேண்டாம், வேண்டாம். ராமர்னா யாரு?

— கார்ப்பரேஷன்ல கொசு மருந்து அடிக்கறவர். வியாழக்கிழமை தோறும் மெஷினைத் தோள்ல மாட்டிண்டு, தெரு முழுக்கப் பொகையாக்கிண்டு போவாரே, அவராக்கும்.

— ஓ, பொகைக்காரனா!

— பேரு இருக்கு, கமலம். ராமர்.

— சரி, ராமர். நீ எப்போலேர்ந்து 'அவர் இவர்'னு பேச ஆரம்பிச்சே?

— உன்னை சாயா குடிக்கக் கூப்பிட்டேனா, குறுக்கு விசாரணைக்குக் கூப்பிட்டேனா?

— நீ எங்கே கூப்பிட்டே? சுபாவாக்கும் கூப்பிட்டா, போன மாசம். 'அத்தைப்பாட்டி, கும்பளங்கியில எங்க கொயர் கோஷ்டி பாடறது, ஞாயித்துக்கிழமை, நீ வந்தே ஆகணும்'னா. காக்கநாட்டுலேர்ந்து ரெண்டு பஸ் மாறி, தோப்பும்படிப் பாலத்துல முக்கால் மணி நேரம் நின்னு, இடுப்பு ஒடிஞ்சு வந்து சேர்ந்திருக்கேன். வந்து பாத்தா கொழந்தை மாடியில கதவைச் சாத்திண்டு உக்காந்திருக்கா. மேடைக்குக் கெட்டற புடவை கட்டில்ல மடிச்சபடியே கெடக்கு. வேன் எத்தனை மணிக்கு?

— நாலு.

— இப்போவே மூணேகால். ஏன் இன்னும் கெட்டிக்கலை?

— மஞ்சுஷா வந்தா கெட்டிப்பா. வரலைன்னா வேன்ல ஏறமாட்டாளாம். அவ்வளவுதான் விஷயம்.

— இதென்ன கூத்து! இருபத்திரண்டுல ஒண்ணு கொறஞ்சா பாட்டு நின்னு போயிடுமா?

— அதைச் சொல்லணும்னா ஆதியிலேர்ந்து சொல்லணும். பழம்பொரி ஆறிப் போறது, எடுத்துக்கோ. நடுவுல பேசாதே.

— நான் என்னிக்கு நடுவுல பேசியிருக்கேன்?

— இப்போ. கேளு. விஸ்வநாத் புனே வேலையை விட்டுட்டு, குடும்பத்தோட இந்த ஆத்துக்கு வந்து மூணு வருஷமாச்சோ? அப்போ சுபாவுக்குப் பதினஞ்சு. மலையாளத்துல ஒரு எழுத்து தெரியாது. ஸ்கூல்ல எல்லாரும் மலையாளம். இவ வாயைத் தொறந்தா சிரிக்கறா. ஒரு வருஷம் முழுக்க அந்தக் கொழந்தை டிபன் டப்பாவைத் தனியாத் தொறந்து, தனியா மூடிண்டு வந்தா. ஆத்துல கேட்டா, 'நன்னா இருந்தது'ம்பா. எது நன்னா இருந்தது? தயிர்சாதமாக்கும்.

— ஐயோ, பாவம். எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலையே.

— எனக்கே தெரியாது. எல்லாம் இப்போ தெரிஞ்சதாக்கும். அப்போதான் இந்த சாய்கிருஷ்ணா, நூலகத்து மாடி ஹால்ல, சின்னவாளுக்குன்னு ஒரு கொயர் ஆரம்பிச்சான். சர்ச்சுல பாடற பசங்க, கொங்கணிக் கொழந்தைகள், குஜராத்திகள், கட்ச்சுலேர்ந்து வந்த கச்சிக்காரா, எல்லாம் கலந்து. ஒரு வீட்டுல பேசற பாஷை அடுத்த வீட்டுல பேசறதில்லை, அதான் மட்டாஞ்சேரின்னு உனக்குச் சொல்லணுமா? ஸுப்ரியா வற்புறுத்தி இவளைக் கொண்டு விட்டா. இவ முதல் நாள் கதவோரம் நின்னுண்டிருக்கா. உள்ளே போகவும் மனசில்லை, திரும்பவும் மனசில்லை. யாரோ ஒரு பொண்ணு வந்து, தமிழ்ல, 'நீ கீழ்க்குரலா? நானும் கீழ்க்குரல்தான். இங்க வா, எம்பக்கத்துல நில்லு'ன்னு கையைப் பிடிச்சு இழுத்துண்டு போயிட்டா.

— மஞ்சுஷா.

— நடுவுல பேசாதேன்னேன். ஆமா, மஞ்சுஷா. அவாத்துல தமிழ்தான் பேசறது. மூணு தலைமுறைக்கு முன்னாடி திருநெல்வேலிப் பக்கத்துலேர்ந்து வந்தவா. ஆனா அந்தப் பொண்ணுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது, படிச்சதெல்லாம் மலையாளம். இவளுக்கு மலையாளம் வராது. அவ பாட்டை வாய்விட்டு வாசிப்பா, இவ இங்கிலீஷ் எழுத்துல எழுதிப்பா. அப்படி எழுதின நோட்டு மூணு இருக்கு, மாடியில. நேக்குக் கண்ணாடி போட்டாலும் ஒண்ணும் வாசிக்க முடியலை.

— நீ எதுக்கு அதை வாசிக்கப் போனே?

— போனேன். அது கெடக்கட்டும். அந்த ரெண்டும் மூணாம் வரிசையில, இடது ஓரத்துல, ஒண்ணுக்கொண்ணு தோள் இடிக்க நிக்கும். ரெண்டு வருஷம் அங்கேயே. அது ஏன்னு நேக்கு அப்போ தெரியாது. இப்போ உனக்குச் சொல்றேன். சாய்கிருஷ்ணா ஒரு பாட்டுக் கெட்டியிருக்கான், போட் ஜெட்டியில கடைசிப் படகுக்குக் காத்துண்டு நிக்கற ஜனங்களோட பாட்டு. அது முடியறப்போ ஒரே ஸ்வரத்துல நிக்கும். எவ்வளவு நேரம்? நாப்பது எண்ணற வரைக்கும்.

— நாப்பதா! எந்தத் தொண்டை தாங்கும்?

— ஒரு தொண்டையும் தாங்காது. அதுதான் சூட்சுமம். பக்கத்துப் பக்கத்துல நிக்கறவா ரெண்டு ரெண்டு பேரா சேர்ந்துப்பா. ஒருத்தி மூச்சு எடுக்கறப்போ மத்தவ எடுக்கப்படாது. இவ விட்டதை அவ பிடிச்சுக்கணும். அவ விடறப்போ இவ. கேக்கறவாளுக்கு ஸ்வரம் அறவே அறாது. மூச்சு ஜோடின்னு பேராம் அதுக்கு. முதல் மாசமே மாஸ்டர் ஜோடி சேர்த்துடுவான், அப்புறம் மாத்தவே மாட்டான். பக்கத்துல இருக்கறவ எப்போ மூச்சு எடுப்பாள்னு காது படிச்சுக்க மாசக்கணக்காகுமாம்.

— அப்போ அது ஏமாத்து வேலையாக்கும். மூச்சு விட்டுட்டு விடாத மாதிரி.

— நானும் அப்படித்தான் நெனச்சேன். சாய்கிருஷ்ணா சிரிச்சான். 'சாமி, தனியாப் பாடறவன் மூச்சு முட்டினா நிறுத்திப்பான். இங்கே நிறுத்தவே வேண்டாம், அதுக்குத்தான் கூட்டமாப் பாடறது'ன்னான்.

— நன்னாத்தான் சொல்லியிருக்கான். அவன் யாரு, நம்ம பழைய மிளகுக் கிடங்குல கணக்கு எழுதிண்டிருந்தவரோட பிள்ளைதானே?

— அவனேதான். அங்கேதான் வினையே வந்தது. கேளு. கச்சேரிக்கு மூணு நாள் இருக்கறப்போ, மேடையில ஒத்திகை. ஒரு பெரியவர் அங்கே போனார். குடும்பத்துப் பொண்ணு எங்கே நிக்கறாள்னு பாக்கத்தான். கண்ணுக்கே தெரியலை. எக்கிப் பாத்தா மூணாம் வரிசை, ஓரம். முன்னால நிக்கற தடியன் ஒருத்தனோட தோளுக்குப் பின்னால நெத்தி மட்டும் தெரியறது. அந்தப் பெரியவருக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. நம்ம குடும்பம் இந்த ஊர்ல எந்த சபையிலயாவது பின்னால நின்னதுண்டா? கோவில் உத்ஸவமோ, பொதுக்கூட்டமோ, மிளகு விஸ்வநாதய்யர் குடும்பம்னா முன்வரிசைதான். அவர் நேரா மாஸ்டர்கிட்ட போய்—

— அந்தப் பெரியவர் பேர் லக்ஷ்மிநாராயணனோ?

— கதையில பேர் எதுக்கு?

— கொசு மருந்து அடிக்கறவருக்குப் பேர் உண்டுன்னு என்னைத் திருத்தினே. பெரியவருக்குக் கிடையாதோ?

— ...நான்தான். போறுமா?

— போறும். மேலே சொல்லு.

— 'என் பேத்தியை முன்வரிசை நடுவுல நிறுத்து'ன்னேன். அவன், 'சாமி, இடம் குரலைப் பாத்துக் குடுக்கறது, ஜோடியைப் பிரிக்க முடியாது'ன்னான். நான் ஒண்ணே ஒண்ணு சொன்னேன்: 'உங்கப்பா இருந்திருந்தா எங்கிட்ட முடியாதுன்னு சொல்லியிருப்பாரா?' அவ்வளவுதான். தலையைக் குனிஞ்சுண்டு போய், சுபாவை முன்னால கொண்டு நிறுத்திட்டான். பக்கத்துல ஒரு குஜராத்திப் பொண்ணு. பின்னால மஞ்சுஷா ஒத்தையா.

— இதுல உனக்கு அந்தப் பொண்ணோட பக்கத்துல நிக்கறதும் பிடிக்கலையோ? உண்மையைச் சொல்லு.

— ...அதுவும் இருந்தது. இல்லேன்னா பொய்யாகும். யார் பொண்ணுன்னு அன்னிக்குத்தான் விசாரிச்சேன். விசாரிச்சப்புறம் கால் இன்னும் வேகமா நடந்தது.

— ம்.

— அந்த 'ம்' வேண்டாம், கமலம். பன்னெண்டு நாள் இந்த ஆத்துல அந்த 'ம்'மைத்தான் கேட்டுண்டிருந்தேன்.

— சுபாவா?

— அவளேதான். அதுக்கு வரேன். ஒத்திகை முடிஞ்சதும் மஞ்சுஷா இவளைக் கேட்டிருக்கா: 'நீ கேட்டுத்தான் முன்னால போனியா?' சுபா 'இல்லை, எங்க தாத்தா பண்ணினார்'னு சொன்னாப் போறும். சொல்லலை. ஏன் சொல்லலை? ஆத்துப் பெரியவாளை வெளியில விட்டுக் குடுக்கப்படாதுன்னு இந்த ஆத்துல சொல்லித்தானே வளர்த்திருக்கோம்? தரையைப் பாத்துண்டு நின்னா. அந்தப் பொண்ணு 'சரி'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு, சைக்கிளை எடுத்துண்டு போயிட்டா. ரெண்டு வருஷமா ரெண்டு பேரும் அந்த சைக்கிளைத் தள்ளிண்டு நம்ம தெரு முனை வரைக்கும் சேர்ந்து நடந்துண்டிருந்தவா. அன்னிக்கு சுபா தனியா நடந்து வந்தா. மிட்டாய்க்கடை வாசல்ல நின்னு, அவ திரும்பி வருவாளோன்னு பாத்திருக்கா. கடைக்காரன் 'என்ன வேணும் மோளே?'ன்னு கேட்டதுக்கு பதில் சொல்லத் தெரியாம, வேண்டாத ஒரு பாக்கெட் அல்வா வாங்கிண்டு ஆத்துக்கு வந்தா. அதை நானே தின்னேன். என்ன விஷயம்னு தெரியாமயே.

— கச்சேரியில என்ன ஆச்சு? அனந்தலக்ஷ்மி என்னமோ 'நடுவுல ஒரு பொண்ணு தனியாப் பாடினது அபாரம்'னா.

— அவளுக்கு என்ன தெரியும்! மத்த பாட்டெல்லாம் நன்னாத்தான் போச்சு. நான் விஸ்வநாத் தொடையைத் தட்டித் தட்டி, 'பாத்தியா, நடுவுல யாரு?'ன்னு கேட்டுண்டிருந்தேன். கடைசியில இந்தப் படகுப் பாட்டு. அந்த நீள ஸ்வரம் ஆரம்பிச்சுது. இருபது வரைக்கும் மலை மாதிரி நின்னுது. சுபாவுக்கு எப்பவும் இருபத்திரண்டுல மூச்சு. ரெண்டு வருஷத்துப் பழக்கம், உடம்பு தானா எடுத்துடும். அவ எடுக்கறப்போ மஞ்சுஷா பிடிச்சுப்பா. ஆனா இப்போ பக்கத்துல இருக்கறது குஜராத்திப் பொண்ணு. அவளுக்கும் இருபத்திரண்டுதான்.

— ஐயையோ.

— ரெண்டும் ஒரே சமயத்துல வாயை மூடித்து. அதைக் கேட்டு மிரண்டு அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு. முன்வரிசை முழுக்கப் படபடன்னு அறுந்துது. அவாளைப் பாத்து ரெண்டாம் வரிசையும், மூணாவதுல மத்தவாளும் நிறுத்திட்டா. கமலம், ஒரு ஆடிட்டோரியம் முழுக்க ஜனம், ஒரு சத்தம் இல்லை. சுபா முகம் வெளுத்துப் போச்சு. நான் இங்கேயே செத்துடலாமான்னு இருந்தேன். அப்போ பின்னாலேர்ந்து ஒரு குரல். ஒத்தைக் குரல். கீழ்க்குரல். அறாம அப்படியே வந்துண்டே இருந்தது.

— மஞ்சுஷாவா?

— அவளாக்கும். முன்னால சுபாவோட முதுகைப் பாத்துண்டே நின்னிருக்கா. தோள் லேசா ஏறித்தோ இல்லையோ, 'இவ மூச்சு எடுக்கப் போறா'ன்னு அவளுக்குத் தெரிஞ்சுடுத்து. கோபமா இருந்தா என்ன? பழக்கம். பிடிச்சுண்டுட்டா. எட்டு எண்ணற வரைக்கும் ஒத்தையாத் தாங்கினா. அப்புறம் சுபா சேர்ந்துண்டா, அப்புறம் ஒவ்வொருத்தரா எல்லாரும். நாப்பதுல முடிஞ்சுது. ஜனம் எழுந்து கை தட்டித்து. அப்படித்தான் பாட்டே கெட்டியிருக்குன்னு நெனச்சுட்டா.

— அப்போ நல்லபடியாத்தானே முடிஞ்சிருக்கு!

— ஜனங்களுக்கு. இறங்கி வந்ததும் சுபா ஓடிப் போய் அந்தப் பொண்ணு கையைப் பிடிச்சா. அவ விடுவிச்சுண்டு, 'உனக்கு முன்னால நிக்கணும்னா நில்லு. எனக்குப் பக்கத்துல ஆளில்லாத எடத்துல நிக்க வேண்டாம்'னு சொல்லிட்டு அப்பா அம்மாவோட போயிட்டா. அதோட சரி. அடுத்த ஒத்திகைக்கு வரலை. அதுக்கு அடுத்ததுக்கும் வரலை. இங்கே பன்னெண்டு நாள், 'சாதம் போடட்டுமா?' 'ம்.' 'மோர்?' 'ம்.' எழுபத்தாறு வயசுல இந்த ஆத்துல எங்கிட்ட ஒருத்தரும் பேசாம இருந்ததில்லை. ஸுப்ரியா பேச மாட்டேங்கறா, விஸ்வநாத் பேப்பருக்குப் பின்னால ஒளிஞ்சுக்கறான். பால்காரனோட பத்து நிமிஷம் நின்னு பேசிண்டிருந்தேன், பாத்துக்கோ.

— சிரிப்பு வரது, அண்ணா. தப்பா எடுத்துக்காதே.

— சிரி. வேடிக்கை இன்னும் இருக்கு. ராமர் மருந்து அடிச்சுண்டு வரப்போ, ஒவ்வொரு வாரமும் நம்ம வாசல்ல மெஷினை நிறுத்தி, 'கதவு சாத்திக்கோங்க சாமி'ன்னு ஒரு குரல் குடுப்பார். இந்த வியாழக்கிழமை குடுக்கலை. பொகை அத்தனையும் உள்ளே. பூஜை அறையில பெருமாளே தெரியலை.

— வேணும்னே பண்ணியிருக்கார்!

— வேணும்னேதான். நான் அவர் எடத்துல இருந்தா மெஷினைக் கூடத்துக்கே கொண்டு வந்திருப்பேன்.

— அண்ணா! நீயா பேசறே?

— அந்தப் பொகையில இருமிண்டே சுபா மாடியிலேர்ந்து எறங்கி வந்தா. கண்ணுல தண்ணி. பொகையா, அழுகையான்னு தெரியலை. எனக்கு எதிரே உக்காந்துண்டு, பன்னெண்டு நாளுக்கு அப்புறம் வாயைத் தொறந்து, நான் இப்போ உனக்குச் சொன்னதெல்லாம் ஒண்ணுவிடாம சொன்னா. டிபன் டப்பாவிலேர்ந்து அல்வா வரைக்கும். ஒரு எடத்துல கூட 'உன்னாலதான் தாத்தா'ன்னு சொல்லலை. சொல்லியிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன். எனக்கு சௌகரியமா இருந்திருக்கும். கடைசியில, 'அவ இல்லைன்னா நான் அங்கே யாரு, தாத்தா?'ன்னு மட்டும் கேட்டா.

— கொழந்தை... நீ என்ன சொன்னே?

— என்ன சொல்றது? 'மிளகு விஸ்வநாதய்யரோட கொள்ளுப்பேத்தி'ன்னேன். 'அது இந்தத் தெருவுல'ன்னுட்டு மேலே போயிட்டா.

— சரி, இப்போ எடமாவது பழையபடி ஆச்சா?

— ஆச்சு. சாய்கிருஷ்ணா அவளைத் திருப்பி மூணாம் வரிசைக்கே அனுப்பிட்டான். ஆனா பக்கத்துல ஒரு ஆள் நிக்கற எடத்தைச் சுபா காலியா விட்டுத்தான் நிக்கறாளாம். இருபத்தொரு கொழந்தையும் அந்தக் காலி எடத்துல ஒருத்தரும் கால் வைக்கறதில்லையாம். மாஸ்டரே சுத்திண்டுதான் போறானாம். இருபத்திரண்டு எண்ணினதும் சுபா வாயை மூடிண்டுடறா. அதுக்கு மேலே பாடறதில்லை.

— அடம்! யாரைக் கொண்டிருக்குன்னு கேக்க வேண்டாம்.

— அதைப் பத்திப் பேச வேண்டாம்.

— நீ உக்காரேன், அண்ணா. இது ஆறாவது தடவை, ஜன்னலுக்குப் போறே.

— காத்துக்கு.

— தலைக்கு மேலே ஃபேன் சுத்தறது. மணி நாலாகப் பத்து நிமிஷம். அந்தப் பொண்ணு வருவாளா, மாட்டாளா?

— தெரியாது.

— தெரியாத ஆள் எதுக்கு இஸ்திரி போட்ட வேஷ்டி கெட்டிண்டு நிக்கறே? நீயும் கும்பளங்கிக்கு வரியாக்கும்?

— வந்தா போவேன். கடைசி வரிசையில உக்காந்துப்பேன்.

— உலகம் தலைகீழாப் போச்சு. இரு, இன்னொண்ணு. நான் கேக்கவே கூடாதுன்னு இருந்தேன், வாய் நிக்கலை. அனந்தலக்ஷ்மி இன்னிக்குக் காலம்பர போன் பண்ணினா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மழையில அந்த ராமர் நம்ம வாசல்ல உனக்கு எதிரே கை கூப்பிண்டு நின்னாராம். அவ அவாத்து மாடியிலேர்ந்து பாத்தாளாம். 'பொண்ணு மேடையில திமிராத் தனியாப் பாடிட்டா, அதுக்கு அப்பங்காரன் வந்து உங்கண்ணாகிட்ட மன்னிப்பு கேட்டுட்டுப் போறான்'னு சமூகம் முழுக்கச் சொல்லிண்டிருக்கா. பெரிய பெருமை அவளுக்கு. நமக்கும்தானே?

— அவ மாடியில அவளுக்கு வேற வேலையே கிடையாதா?

— வந்தாரா, வரலையா? அதைச் சொல்லு.

— பெல் அடிக்கறது. கதவைத் தொற.

— வேன் இல்லை, அண்ணா. ஒரு பொண்ணு. கொயர் புடவை கெட்டிண்டிருக்கா. தலை நெறயப் பிச்சிப்பூ. நீதான் மஞ்சுஷாவா, அம்மா?

— ஆமா பாட்டி. வரட்டா உள்ள?

— பாட்டியா! போன வாரம்தான் தலைக்கு மை போட்டேன்.

— அய்யோ, சாரி அத்தை! தாத்தா, சுபா எங்க? வேன் முக்குல நிக்குது. உள்ள திருப்ப எடமில்லன்னு டிரைவர் சேட்டன் கத்துறாரு. எல்லாரும் ஏறியாச்சு.

— மாடியில, மோளே. கதவைச் சாத்திண்டு இருக்கா. போய்த் தட்டு.

— தட்ட வேண்டாம் தாத்தா. இங்கேயே நின்னு ஒரு ஸ்வரம் பிடிக்கேன், பாருங்க. ஆஆஆஆஆஆஆ...

— அண்ணா, இதென்ன! ஏணிப்படியில நின்னுண்டு இந்தப் பொண்ணு... அட, மேலேர்ந்தும் சத்தம் வரது! இவ நிறுத்தின எடமே தெரியலையே, அவ அங்கே பிடிச்சுண்டுட்டாளே!

— நடுவுல பேசாதே, கமலம்.

— கேட்டீங்களா அத்தை? அடிபொளி! கதவைத் தொறந்துட்டா. சுபா, வேகம் வா! புடவை நான் கெட்டி விடறேன், உனக்கு மடிப்பே வராது! தாத்தா, மறந்துட்டேன், இந்தாங்க. அப்பா குடுத்து விட்டாரு.

— கொண்டா, கொண்டா. இப்படி வெச்சுடு.

— இரு, இரு, காட்டு. இது எங்கப்பாவோட குடையாச்சே! வெள்ளிப் பூண் போட்டது. எங்கண்ணா இதை எங்களைக்கூடத் தொட விடமாட்டார். இது எப்படி உங்காத்துக்கு வந்தது?

— அது... அது வந்து அத்தை... வெள்ளிக்கிழமை அப்பா இங்க வந்தாரில்ல? மழை. போறப்ப குடை மாறிப் போச்சு.

— அப்போ வந்தது நெஜம்தான்! நான் அனந்தலக்ஷ்மி வழக்கம் போலக் கை கால் வெச்சுப் பேசறாள்னு இருந்தேன். அப்பா அண்ணாகிட்ட மன்னிப்பு கேட்டாராமே, அம்மா? அதுவும் நெஜமா?

— ...ஆமா அத்தை. அப்பாதான் கேட்டாரு.

— பாத்தியா அண்ணா! எவ்வளவு மரியாதை தெரிஞ்ச மனுஷா! காலம் எவ்வளவு மாறினாலும் நம்ம குடும்பத்துக்கு உள்ள மதிப்பு மட்டாஞ்சேரியில கொறையலை. நாளைக்கே எல்லாருக்கும் போன் பண்ணிச் சொல்றேன்.

— சொல்லு. சரியாச் சொல்லு. என்னை விட்டுக் குடுக்கப்படாதுன்னு இவ அப்படிச் சொல்றா. குடை மாறலை, நான் அவாத்துல மறந்து வெச்சுட்டு வந்தேன். ராமர் தன் குடையில என்னை மழையில நம்ம வாசல் வரைக்கும் கொண்டு விட வந்தார். போயிட்டு வரேன்னு கை கூப்பினார், அவ்வளவுதான். அவர் ஒருத்தர்கிட்டயும் மன்னிப்பு கேக்கலை. மன்னிப்பு கேட்டது நான், இந்தப் பொண்ணுகிட்ட.